மழை லீவில் பிள்ளைகளின் படிப்பு: சென்னைப் புறநகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வேலை மாற்றலாகி மதுரை, சேலம், கோயம்புத்தூர் பக்கமிருந்து வந்து தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம், பூந்தமல்லி என்று எங்காவது வீடு பிடித்து, பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தாயிற்றா? அப்படியானால் இந்த ஊரின் ஒரு விஷயம் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பது முந்தின நாள் ராத்திரி வரை தெரியாது. சில வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு நாள் லீவோடு போய்விடும். சில வருடம் ஒரேயடியாக வாரக்கணக்கில் போகும். 2015-இல் நவம்பரில் ஆரம்பித்த லீவு டிசம்பர் பாதி வரை இழுத்தது, அரையாண்டுத் தேர்வையே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு ஒரு வாரம் பள்ளிகள் மூடிக்கிடந்தன.

லீவு விழுவதைவிட அது விழுகிற சமயம்தான் சிக்கல். காலாண்டு முடிந்து, புதுப் பாடங்கள் வேகமாக ஓடி, டிசம்பரில் அரையாண்டு வருகிற அந்த இடைவெளியில்தான் மழையும் வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஜனவரியில் திருப்புதல் தேர்வு, அப்புறம் செய்முறைத் தேர்வு, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு என்று வரிசையாக நிற்கும். மழைக்காக அரையாண்டைத் தள்ளிவைப்பார்கள், பொதுத்தேர்வு அதற்காக நகராது. அதனால் இந்த லீவு நாட்களைச் சும்மா விட்டுவிடவும் முடியாது, வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்றி எட்டுப் பீரியட் நடத்தவும் முடியாது.

எங்கள் வீட்டில் பெரியவள் பத்தாவது, சின்னவன் நான்காவது. நாங்கள் இருப்பது அடையாற்றுக்குப் பக்கத்தில், ஆகவே தண்ணீரோடும் லீவோடும் பழக்கம் உண்டு. இரண்டு மூன்று மழைக்காலம் திண்டாடிப் படித்துக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. செப்டம்பர் முடிவதற்குள் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்

படிப்புக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். தரைத்தள வீட்டில் ஒரு முறை தண்ணீர் ஏறினால் தெரியும், அதற்கடுத்த ஒரு மாதம் படிப்பைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது, ஆவணம் ஆவணமாக அலைய வேண்டியிருக்கும்.

பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு ஃபைலில் எல்லாவற்றையும் வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். தண்ணீர் முதலில் தொடுவது அந்தத் தட்டைத்தான். பரண் அல்லது சமையலறை மேல் அலமாரிக்கு மாற்றுங்கள். ஜிப் வைத்த ஏ4 பிளாஸ்டிக் கவர் ஸ்டேஷனரிக் கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குள் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கி, அதில் இவற்றைப் போடுங்கள்:

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் நகல், பத்தாவது முடித்த பிள்ளை என்றால் அசல் மதிப்பெண் சான்றிதழ், உதவித்தொகை வாங்குகிற பிள்ளை என்றால் வங்கிப் புத்தகம். குடும்ப அட்டையையும் அதிலேயே வையுங்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள்.

இதோடு ஒரு தனித்தாள். அதில் பிள்ளையின் எமிஸ் எண், வகுப்பு, பிரிவு, வகுப்பு ஆசிரியர் போன் எண், பள்ளியில் பதிவாகியிருக்கும் உங்கள் போன் எண். எமிஸ் எண் என்பது மாநிலப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கப்படும் அடையாள எண், மதிப்பெண் அட்டையிலோ மாற்றுச் சான்றிதழிலோ இருக்கும், இல்லையென்றால் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். ஊர் மாறி வந்தவர்கள் கவனிக்க வேண்டியது பள்ளியில் பதிவாகியிருக்கும் அந்தப் போன் எண்ணை. சேர்க்கையின்போது பழைய ஊர் சிம் எண்ணைக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து எண்ணை மாற்றியிருப்பீர்கள், பள்ளியின் குறுஞ்செய்தி எல்லாம் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

நகல் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், சில இடத்தில் மூன்று. ஒரு பிள்ளைக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், போனில் மட்டும் இருந்தால் போன் நனைந்ததும் அதுவும் போயிற்று. சாதி, வருமானச் சான்றிதழ்கள் இ-சேவையில் வாங்கியவை என்றால் பதற்றமே வேண்டாம், அதன் மேல் இருக்கும் எண்ணைக் குறித்துவைத்தால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழை லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். தண்ணீருக்குப் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்வார். பின்னால் அந்த அசலில் முத்திரை வைக்கவோ மேலொப்பம் போடவோ வேண்டி வந்தால் அதைப் பிரிக்க முடியாது, சில அலுவலகங்களில் வாங்கவும் மாட்டார்கள்.

2. புத்தகத்தையும் நோட்டையும் போனுக்குள் கொண்டுவாருங்கள்

பாடப்புத்தகங்கள் எல்லாம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப்.பாக இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் வைஃபை இருக்கிற நாளில் இறக்கி வையுங்கள், மழை நாளில் டவர் இரண்டு கோடு காட்டும்போது அது நடக்காது. சின்ன வகுப்புகளுக்குப் பருவம் பருவமாகப் புத்தகம் பிரித்திருப்பார்கள். மழைக்காலத்தில் வேண்டியது இரண்டாம் பருவம். தமிழ் வழியா ஆங்கில வழியா என்று பார்த்து இறக்குங்கள், அவசரத்தில் மாற்றி இறக்குவது சகஜம்.

புத்தகத்தில் பாடத் தொடக்கத்திலும் நடுவிலும் கட்டம் கட்டமாக க்யூஆர் கோடு அச்சிட்டிருப்பார்கள். மத்திய அரசின் தீக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும், அதை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். மணற்கேணி என்று தமிழ்நாடு அரசின் செயலி இன்னொன்று இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு நல்லது. கணக்கும் அறிவியலும் நன்றாக இருக்கும். எல்லாப் பாடத்தையும் இறக்கிப் போனை நிரப்பாமல், அடுத்து நடக்கப்போகும் இரண்டு பாடத்துக்கு மட்டும் இறக்குங்கள்.

புத்தகம் போனால் வேறு கிடைக்கும். நோட்டு போனால் யாரிடமும் கிடைக்காது. அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அந்த வாரம் எழுதிய நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பெரிய பிள்ளைகள் தாங்களே செய்கிறோம் என்பார்கள், ஆனால் செய்ய மாட்டார்கள், ஆகவே போனை வாங்கிப் பாருங்கள்.

பேனா விஷயம் ஒன்று. ஜெல் பேனா, மை பேனா இரண்டும் பெரும்பாலும் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய் கலந்தது, பக்கம் நனைந்து காய்ந்தாலும் எழுத்து நிற்கும். வேதியியல் சமன்பாடு முழுவதும் ஜெல் பேனாவில் எழுதியிருந்த ஒரு நோட்டைக் காயவைத்துப் பார்த்தோம், நீலமாக ஒரு கறை இருந்தது, அவ்வளவுதான். மழை மூன்று மாதத்துக்கு ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா போதும். ஆசிரியர் கேட்டால் காரணம் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

3. லீவு யார் விடுகிறார்கள், எந்த மாவட்டத்துக்கு

மழை லீவை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரி வரும், சில நாள் காலை ஆறு, ஆறரைக்கு வரும், ஒரு சில நாள் பிள்ளை சீருடை போட்டு ஷூவும் மாட்டிய பிறகு வரும்.

புறநகரில் இருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். சென்னை என்று நாம் சொல்லிக்கொள்கிற இந்தப் பரப்பு நான்கு மாவட்டத்தில் கிடக்கிறது. தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம், குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். டிவியில் "சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஓடினால் உங்களுக்கும் லீவு என்று அர்த்தமில்லை. வீடு எந்த மாவட்டம் என்பதல்ல கணக்கு, பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதுதான். ஒரே வீட்டில் அக்காவுக்கு லீவு, தம்பிக்குப் பள்ளி என்று வரும் நாளும் உண்டு, அன்றைக்கு வீட்டில் நடக்கும் பஞ்சாயத்தை நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்புப் படத்தில் தேதியைப் பாருங்கள். போன வருடத்துப் படத்தை எடுத்து இந்த வருடம் அனுப்புவதை ஒரு கூட்டம் வருடாவருடம் செய்கிறது, அனுப்புவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள். ஆட்சியரின் அதிகாரப்பூர்வ சமூக ஊடகப் பக்கத்தையோ செய்திச் சேனலையோ பார்த்து உறுதிசெய்யுங்கள். "பள்ளிகளுக்கு மட்டும்" என்றால் கல்லூரி உண்டு.

லீவு விட்ட நாளில் சிறப்பு வகுப்புக்கு நேரில் வரச்சொல்லும் தனியார் பள்ளிகள் உண்டு. அப்படி வைக்கக் கூடாது என்று கல்வி அதிகாரிகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால் அனுப்பாதீர்கள், ஒரு நாள் வகுப்பு போனால் போகட்டும்.

4. முதல் நாளே ஆசிரியரிடம் மூன்று கேள்வி

லீவு இரண்டாம் நாளுக்கு நீளும் என்று தெரிந்ததும் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கேட்க வேண்டியது மூன்றுதான்: ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பக்கம் வரை நடந்திருக்கிறது, அரையாண்டுக்கு எதுவரை வரும், இணைய வகுப்பு ஏதாவது உண்டா. பிள்ளையிடம் கேட்டால் போதாதா என்றால், போதாது. "எல்லாம் முடிஞ்சிருச்சு" அல்லது "எதுவுமே நடத்தல" இந்த இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும்.

நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "வணக்கம் மிஸ். 4-ஆம் வகுப்பு ஆ பிரிவு மாணவனின் வீட்டிலிருந்து. கணக்கு, ஆங்கிலம், அறிவியலில் எந்தப் பக்கம் வரை முடிந்தது, அரையாண்டுக்கு எதுவரை என்று நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள். அவசரம் இல்லை. உங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் இல்லையே?"

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆசிரியரும் இதே ஊரில்தான் இருக்கிறார், அவர் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கலாம், அரசுப் பள்ளி என்றால் அவர் பள்ளியே நிவாரண முகாமாக மாறியிருக்கலாம். குழுவில் கேட்காமல் தனியாக அனுப்புங்கள். குழுவில் கேட்டால் அறுபது பெற்றோரின் "எனக்கும்", "ப்ளஸ் ஒன்" வரிசைக்கு நடுவில் பதில் எங்கோ போய்விடும். கிடைத்த பதிலைக் குழுவில் நீங்களே போட்டுவிடுங்கள், ஆசிரியருக்கு அறுபது போன் மிச்சம்.

பதில் வராவிட்டால் வகுப்பில் தவறாமல் நோட்டு எழுதும் ஒரு பிள்ளையின் அம்மாவைப் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு, யார் என்று உங்கள் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

5. எவ்வளவு நேரம் உட்கார வைப்பது

காலை ஒன்பது முதல் நான்கு வரை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மதியமே அது கிழியும். பள்ளியில் ஏழு மணி நேரம் இருந்தாலும் அதில் வருகைப்பதிவு, இடைவேளை, மதியச் சாப்பாடு, விளையாட்டுப் பீரியட், ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் நேரம் எல்லாம் உண்டு. வீட்டில் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து நடத்தினால் அதில் நாலில் ஒரு பங்கு நேரம் போதும்.

கொரோனா சமயத்தில், 2020 ஜூலையில், இணைய வகுப்புக்காக மத்திய அரசு பிரக்யாதா என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடமாக இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு அமர்வு என்றார்கள். அது திரையில் நடக்கும் வகுப்புக்குச் சொன்னது, ஆனால் வீட்டில் நாம் நடத்தும் படிப்புக்கும் நல்ல அளவுகோல்.

நாங்கள் செய்வது: சின்னவனுக்குக் காலை நாற்பது நிமிடம் கணக்கு, சாயங்காலம் அரை மணி வாசிப்பு. வேறெதுவும் இல்லை. கணக்குக்குக் காலை நேரம் ஏனென்றால் மழை நாளில் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வரும், கரண்ட்டும் போகலாம். வகுத்தல் கணக்கு பத்துப் போடச் சொல்வதைவிட மூன்று போடச் சொல்லி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். 816-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னேன், விடை 24 என்று வந்தது. வாய்விட்டுச் சொல்லச் சொன்னதும், "ஒண்ணுல நாலு போகாது, அடுத்ததை இறக்கு" என்று தாண்டிப் போனான், அங்கே ஈவில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்துக் கணக்குப் போட்டிருந்தாலும் பத்தும் அப்படியேதான் வந்திருக்கும். அந்த ஒரு பூஜ்யம் புரிந்ததோடு அன்றைய படிப்பு முடிந்தது, விளையாடப் போய்விட்டான்.

வாசிப்புக்குப் பாடப்புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. சிறுவர் இதழ், செய்தித்தாளின் மழைச் செய்தி எதுவானாலும் சரி, சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஏரி நீர்மட்டம் எத்தனை அடி, அடையாற்றுக்குத் தண்ணீர் விடும் செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு கன அடி திறக்கிறார்கள் என்று அவனே படித்துச் சொல்வான். இந்தப் பக்கத்தில் வளரும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் அதுதானே.

பத்தாவது பன்னிரண்டாவதுக்கு இந்தக் கணக்கு போதாது, நான்கு மணி நேரமாவது வேண்டும். அவர்களுக்கும் புதுப் பாடத்தைத் தானாகப் படி என்று தள்ளாதீர்கள். நடந்து முடிந்த பாடங்களைத் திருப்பிப் பார்க்கவும், பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதவும்தான் லீவு உகந்தது. தண்ணீர் வடிகிற வரை காத்திருக்கும் நாட்களில் ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதவைத்தால், பிள்ளைக்கு எங்கே கை நிற்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். திருத்துவதற்கு நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, வினாத்தாளோடு விடைக்குறிப்பும் கிடைக்கிறது, அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். தனக்குத்தானே மதிப்பெண் போடும்போது பெரியவள் என்னைவிடக் கறாராக இருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் ஒன்றும் படிக்காமல் போனால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று பெரியவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, விட்டுவிடுங்கள்.

6. கரண்ட், போன், டேட்டா: செலவுக் கணக்கு

தெருவில் தண்ணீர் நின்றால் மின்வாரியமே பாதுகாப்புக்காக இணைப்பை நிறுத்தும். அதைக் கோளாறு என்று நினைத்து மணிக்கொரு முறை போன் போட்டுப் பிரயோஜனமில்லை. தண்ணீர் இல்லாத தெருவில் கரண்ட் போனால் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் சொல்லலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை இரண்டு. பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க், ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், ஒரு போனை ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்து கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இன்வர்ட்டர் பல்பு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், கரண்ட் போனாலும் மூன்று நாலு மணி நேரம் எரியும், முந்நூறிலிருந்து ஐந்நூறு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளையை எழுத வைக்காதீர்கள், கண்ணுக்கும் நல்லதில்லை, நோட்டுக்கும் நல்லதில்லை. மழை எச்சரிக்கை வந்த அன்றே எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். அக்டோபரில் கடைக்குப் போனால் பேரம் பேசலாம், புயல் பெயர் வைத்த பிறகு போனால் சரக்கே இருக்காது.

டேட்டாவுக்கு ஒரு மனக்கணக்கு: காணொளியை 480பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ அரை ஜிபி, 360பி என்றால் முந்நூறு எம்பி சொச்சம், 720பி என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பேக் இப்போது முந்நூறு ரூபாய் சுமாருக்கு வருகிறது. பிள்ளை இணைய வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது தன் கேமராவை அணைத்துக்கொண்டால் டேட்டா நிறைய மிச்சமாகும், ஆசிரியர் கேட்டால் மட்டும் போடட்டும். யூடியூப் தானாகவே தரத்தை ஏற்றிக்கொள்ளும், செட்டிங்கில் போய்க் குறைத்துவிடுங்கள்.

இலவச ஜூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும், கூகுள் மீட் ஒரு மணி நேரத்தில். வகுப்பு முடிந்துவிட்டது என்று பிள்ளை போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆசிரியர் அதே இணைப்பில் மறுபடி வரச்சொல்லியிருப்பார், ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் டிவியைப் பயன்படுத்துங்கள். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் ஆரம்பித்தது, கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய துணையாக இருந்தது, அரசு கேபிளிலும் யூடியூபிலும் வருகிறது. படிப்பு சம்பந்தமாக எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம்.

7. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு

பள்ளிக்குத்தான் லீவு, நமக்கு இல்லை. அடுக்குமாடியில் இருந்தால் நான்கு வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் ஒரு வீடு. மேல் மாடி வீடு நல்லது. ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தால் படிப்பு குறைவாகத்தான் நடக்கும், ஆனால் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது. முறை வைக்கும்போதே சாப்பாடு யார் பொறுப்பு என்று பேசிவிடுங்கள், மனக்கசப்பு வருவது எப்போதும் அதில்தான். அரசுப் பள்ளியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது, லீவு நாளில் அந்த இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போக வேண்டியிருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது, மோட்டார் சுவிட்சைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். நேற்றே சொன்னோமே என்று விடாதீர்கள்.

8. தண்ணீர் ஏறி, புத்தகம் நனைந்துவிட்டால்

ஈரமான நோட்டில் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும், ஆகவே வீட்டைக் கழுவும் வேலைக்கு நடுவிலேயே இதற்கும் ஒரு ஆளை ஒதுக்குங்கள். ஒட்டியிருக்கும் பக்கங்களை ஈரத்தோடு பிரிக்காதீர்கள், கிழியும். நோட்டை நிற்க வைத்து, பக்கங்கள் விசிறி மாதிரி லேசாக விரிய, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பாதி காய்ந்ததும் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் சொருகுங்கள், ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். கடைசியில் பலகை வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றினால் ஓரளவு நேராகும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பக்கம் வளைந்து, தொட்டால் உடைகிற மாதிரி ஆகிவிடும்.

பளபளப்புத் தாளில் அச்சான அட்லஸ் போன்றவை ஒட்டிக்கொண்டால் ஒட்டியதுதான். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய புத்தகத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

படம் எடுப்பது எதற்கென்றால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு புத்தகம், சீருடை மறுபடி கொடுப்பது உண்டு. பள்ளி திறந்த அன்றே யாருக்கு என்ன போயிற்று என்று கணக்கெடுப்பார்கள். எது எது போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், வாயால் சொல்லியனுப்பினால் பாதி வந்து சேராது. தனியார் பள்ளி என்றால் பாடநூல் கழகப் புத்தகத்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

சான்றிதழே போய்விட்டது என்றால் உடனே இடைத்தரகரிடம் ஓடாதீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு, தொலைந்த சான்றிதழ்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் கொடுக்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. அந்தச் சமயத்தில் காசு கொடுத்து ஆள் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். முகாம் அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணம் பற்றிப் பதிவு செய்து அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். நகல் வாங்குவதற்கான வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஊர் மாறி வந்தவர்களுக்கு இதுதான் தொல்லை, பழைய பள்ளி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். முதல் படியில் நகல் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான், எண்ணும் வருடமும் கையில் இருந்தால் போனிலேயே பாதி வேலை முடியும்.

9. பள்ளி திறந்த பிறகு

திறந்த முதல் இரண்டு நாளில் பாடங்கள் பறக்கும். ஆசிரியருக்கும் வேறு வழியில்லை, அரையாண்டு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தேர்வு தள்ளிப்போனதா, பாடப்பகுதி குறைந்ததா என்று முதல் நாள் சாயங்காலமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புது அட்டவணை வந்த பிறகும் பழைய அட்டவணை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், தமிழ்த் தேர்வன்று ஆங்கிலம் படித்துப் போன பிள்ளைகள் உண்டு.

விட்ட நாட்களை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். ஊருக்குப் போக வாரக்கடைசிக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால் ஜனவரி வரை ஒரு முறை பள்ளியில் கேட்டுவிட்டுப் போடுங்கள். சனிக்கிழமை எந்த நாளின் பாடவேளை என்றும் கேளுங்கள், ஒரு வாரம் திங்கட்கிழமை அட்டவணை என்பார்கள், அடுத்த வாரம் செவ்வாய் என்பார்கள், அதைப் பொறுத்துத்தான் பையில் புத்தகம் வைக்க வேண்டும். பள்ளி வேன் அன்றைக்கு ஓடுமா என்று வெள்ளிக்கிழமையே வேன் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுங்கள்.